கார்புரேட்டரில் கை வைக்கும் முன்பும் பின்பும்: பழைய கார் வைத்திருப்போருக்கு

வயது 35 ஆண்டைக் கடந்த காரைச் சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்து வைத்திருந்தால், ஆண்டுக்கு 45 நாள்தான் அதைச் சாலையில் ஓட்டலாம். மற்ற 320 நாளும் அது நிறுத்துமிடத்திலேயே கிடக்கிறது. காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் கெடுவது பெரும்பாலும் அப்படிக் கிடக்கும் நாள்களில்தான். அதன் மிதவைக் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகிறது. ஆவியாகாத மிச்சம் மஞ்சள் பிசினாகி, பெட்ரோல் பாயும் ஜெட்டின் துளையிலும் கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் நீடில் வால்வின் முனையிலும் ஒட்டிக்கொள்கிறது.

அதற்காக, கார் திக்கினால் உடனே கார்புரேட்டரைக் கழற்றக் கிளம்ப வேண்டாம். தீப்பொறிப் பக்கம் கெட்டாலும் காற்று கசிந்தாலும் பெட்ரோல் வரத்து குறைந்தாலும் அறிகுறி ஒன்றுபோலத்தான் தெரியும். குற்றவாளி கார்புரேட்டர்தான் என்று நிரூபணமான பிறகே ஸ்பேனரை எடுங்கள். இங்கே விளக்கம் பெரும்பாலும் மினி, மோரிஸ் மைனர், எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் கார்களில் உள்ள எஸ்.யு. எச்.எஸ். வகையை வைத்துச் செல்கிறது. டொயோட்டா, டட்சன் கார்களில் வரும் இரட்டைத் தொண்டை (காற்று நுழையும் வாய் இரண்டு உள்ள) வகை பற்றித் தேவையான இடத்தில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

எங்கே வேலை செய்வது

வீவக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் இதற்கான இடமில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தாழ்வான இடத்தில் தேங்கும். போக்குவரத்துக் காரணமின்றி நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிடுவதும் இங்கே குற்றம். டியூனிங் வேலைக்கோ இன்ஜின் நெடுநேரம் ஓடியாக வேண்டும். சொந்தத் தரைவீட்டின் முற்றமோ, சின் மிங், உபி, காக்கி புக்கிட் பக்கம் தெரிந்த பட்டறையில் ஒரு மூலையோ கிடைத்தால் நல்லது. உலர் தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வடித்த பெட்ரோலை மூடியுள்ள உலோகக் கேனில் பிடியுங்கள். சாக்கடையில் ஊற்றிவிட வேண்டாம், இந்தத் தீவில் மழைநீர்க் கால்வாய்கள் பல நீர்த்தேக்கத்துக்கே போகின்றன.

கார்புரேட்டரைத் தொடாமல் பார்க்க வேண்டியவை

முதலில் பெட்ரோல். மூன்று, நான்கு மாதமாகத் தொட்டியில் கிடந்தது என்றால் கொஞ்சம் வடித்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் சோதனையெல்லாம் அப்புறம். முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வைத்தால் அடியில் நீர் தனியாகப் பிரிந்து தெரியும். இந்த ஊர் ஈரப்பதத்தில் பாதி காலியான உலோகத் தொட்டிக்குள் நீர் கோப்பதும் துருப் பிடிப்பதும் வழக்கம்தான்.

அடுத்து தீப்பொறி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி லூகாஸ் வகைகளில் 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.4 மி.மீ. பாயிண்ட் முகம் கறுத்தோ ஒருபக்கம் மேடு தட்டியோ இருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, சூடேறியதும் திக்கி நின்று, ஆறினால் மறுபடி கிளம்பும் காரில் கண்டென்சரும் காயிலும்தான் முதல் சந்தேகத்துக்குரியவை. கார்புரேட்டர் மீது அநியாயமாக விழும் பழிகளில் இதுவே பெரியது.

டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி, வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். உறிஞ்சல் நிற்காமல் கசிந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கார் தயங்குவதற்கு அது ஒன்றே போதும். வால்வு இடைவெளியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மினி, மைனரின் ஏ-சீரிஸ் இன்ஜினுக்கு ஆறிய நிலையில் 0.012 அங்குலம். எல்லா சிலிண்டரின் கம்ப்ரஷனும் ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து சதவீதத்துக்குள் இல்லையென்றால் எந்தக் கார்புரேட்டராலும் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் மெல்ல ஓடும் வேகம்) சீராகாது.

பிறகு காற்றுக் கசிவு. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டரின் அடிப்பட்டை, மேனிஃபோல்ட் கேஸ்கட், பிரேக் சர்வோ குழாய் ஆகிய இடங்களில் தண்ணீர்த் தெளிப்பானால் மெல்லப் பீய்ச்சுங்கள். எந்த இடத்தில் ஓசை மாறுகிறதோ அங்கே கசிவு. கார்பு கிளீனர் ஸ்பிரேயால் இதைச் செய்வதை வீடியோக்களில் காட்டுகிறார்கள். மினியில் கார்புரேட்டருக்கு நேர் கீழே புகைபோக்கி மேனிஃபோல்ட் கனன்றுகொண்டிருக்கும். அந்த விளையாட்டு வேண்டாம். சர்வோ குழாயைக் கிளாம்ப்பால் நெரித்தவுடன் ஐடில் சீரானால் பழுது பிரேக் சர்வோவில். வேக்யூம் கேஜ் இருந்தால் ஐடிலில் முள் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் ஆடாமல் நிற்க வேண்டும்.

கடைசியாகப் பெட்ரோல் வரத்து. காயிலின் கம்பியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். விட்டுவிட்டு வலுவாகப் பீய்ச்ச வேண்டும். இழுத்துச் சொட்டினால் ஃபில்டர், பம்ப், தொட்டிக்குள் இருக்கும் சல்லடை என்று பின்னோக்கிப் போங்கள். அழுத்தம் அதிகமானாலும் தொல்லைதான். எஸ்.யு.வுக்கும் வெபருக்கும் 2.5 முதல் 3 பி.எஸ்.ஐ. போதும். பழைய பம்ப்பை எடுத்துவிட்டு யாரோ பொருத்திய மலிவு மின்பம்ப் 5, 6 பி.எஸ்.ஐ. தள்ளினால் நீடில் வால்வு தாங்காமல் கிண்ணம் வழியும். வழிவதைப் பார்த்துக் கார்புரேட்டரை மாற்றினால் புதியதும் வழியத்தான் செய்யும்.

இப்போது கார்புரேட்டரின் முறை

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால், அறிகுறி எந்தப் பாகத்தைக் காட்டுகிறது என்று பார்க்கலாம்.

கிண்ணம் வழிந்து பெட்ரோல் வாடை அடிக்கிறது: நீடில் வால்வில் தூசியோ பிசினோ சிக்கியிருக்கிறது, அல்லது மிதவைக்குள் பெட்ரோல் புகுந்துவிட்டது. நைலான் மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே தளும்பும் ஓசை கேட்கும். பித்தளை மிதவை என்றால் வெந்நீரில் அமிழ்த்துங்கள், ஓட்டையிலிருந்து குமிழி வரும். மூடியைத் திறக்கும் முன் ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை ஒருமுறை லேசாகத் தட்டிப் பார்ப்பதில் தப்பில்லை. சிக்கிய தூசி சில நேரம் விலகிவிடும்.

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது: எஸ்.யு.வின் மேலுள்ள டாஷ்பாட் என்ற கூட்டில் எண்ணெய் வற்றியிருக்கும். அந்த எண்ணெய் மசகுக்காக ஊற்றப்படுவதில்லை. கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் சட்டென்று எழும்பிவிடாமல் பிடித்துவைத்து, வேகமெடுக்கும் நொடியில் கலவையைச் செறிவாக்குவதுதான் (பெட்ரோல் பங்கைக் கூட்டுவதுதான்) அதன் வேலை. எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெயை உள்ளே தெரியும் உட்குழல் கம்பியின் மேல் விளிம்புக்கு மேலே 12 மி.மீ. வரை ஊற்றுங்கள். நிரப்பிய சில நாளிலேயே வற்றினால் அளவுக்கு மீறி ஊற்றியிருக்கிறீர்கள் என்று பொருள். இரட்டைத் தொண்டை வகைகளில் இதே தயக்கத்துக்குக் காரணம் ஆக்சிலரேட்டர் பம்ப். இன்ஜின் நின்றிருக்கும்போது தொண்டைக்குள் பார்த்தபடி திராட்டிலைத் திறங்கள்; திறந்த அந்த நொடியே கோடு போட்டாற்போல் பெட்ரோல் பீறிட வேண்டும். தாமதித்தோ சொட்டுச் சொட்டாகவோ வந்தால் டயாஃப்ரம் போய்விட்டது.

வேகத்தில் நன்றாக ஓடி, ஐடிலில் மட்டும் நின்றுவிடுகிறது: ஹிட்டாச்சி, ஐசின், சோலெக்ஸ் வகைகள் பலவற்றில் ஐடில் பாதையை அடைக்கும் சிறு சோலனாய்டு ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது 'டிக்' என்று ஒலிக்க வேண்டும். ஒலி இல்லையென்றால் கார்புரேட்டரைக் கழற்றாமல் முதலில் அதன் கம்பிக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பத்து காசு கனெக்டர் கழன்று கிடந்ததற்காக முழுக் கார்புரேட்டரையும் பிரிப்பது பட்டறைகளில் நடக்கிற கதைதான். கம்பி சரியென்றால் ஐடில் ஜெட்டில் அடைப்பு. ஜெட்டுக்குள் இரும்புக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஒரு கீறல் பெரிதானாலும் கலவை மாறிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதோடு நிறுத்துங்கள். ஜப்பானிய வகைகளில் மிதவைக் கிண்ணத்தின் பக்கவாட்டில் சிறு கண்ணாடி ஜன்னல் இருக்கும். பெட்ரோல் மட்டம் அங்குள்ள குறியோடு ஒத்துப்போகிறதா என்பதை எதையும் பிரிக்காமலே பார்த்துவிடலாம்.

எப்போதும் கரும்புகை, பிளக்கில் கறுப்புப் புகைக்கரி: கலவை செறிவு. இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது சோக்கைத்தான். அதிகாலையிலும் இங்கே 24, 25 டிகிரிக்குக் கீழே அதிகம் போவதில்லை. சோக் அரை நிமிடம் தேவைப்பட்டால் அதிகம். பயன்படுத்தாமலே கிடக்கும் கேபிள் பாதியில் இறுகி, சோக்கை இழுத்தால் கீழிறங்கும் ஜெட் அந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. டாஷ்போர்டில் குமிழ் முழுக்க உள்ளே போயிருந்தாலும், பானட்டைத் திறந்து ஜெட் நெம்புகோல் மேலே திரும்பியதா என்று கண்ணால் பாருங்கள். நீண்ட நாள் செறிவாக ஓடிய இன்ஜினில் டிப்ஸ்டிக்கை முகருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் இன்ஜின் எண்ணெயை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

ஐடில் ஒருநாள் 700, மறுநாள் 1,200 என்று அலைகிறது: திராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கைக்கே ஆட்டம் தெரிந்தால் தண்டும் அது உட்கார்ந்திருக்கும் துளையும் தேய்ந்து காற்று புகுகிறது. இது துப்புரவால் தீராது.

சூடேறினால் கிளம்ப மறுக்கும் கார்

தீவு விரைவுச்சாலை நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்துவிட்டு, பெட்ரோல் நிலையத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் மறுபடி பிடிக்காது. சிங்கப்பூரில் இது மிகச் சாதாரணம். ஓடும்போது கார்புரேட்டரைக் குளிர்விப்பதே உள்ளே ஆவியாகும் பெட்ரோலும் ஓடும் காற்றும்தான். இன்ஜினை நிறுத்தியதும் இரண்டும் நின்றுபோக, கீழிருந்து ஏறும் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துத் தொண்டைக்குள் வழிகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிப்பது நிலைமையை மோசமாக்கும். மெல்ல முக்கால்வாசி மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். மிஞ்சிய பெட்ரோல் வெளியேறியதும் பிடித்துக்கொள்ளும்.

நிரந்தரத் தீர்வுக்கு மூன்று இடம். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தாத ஃபீனாலிக் கட்டை இருக்க வேண்டும். முந்தைய பழுதில் அதைத் திரும்பப் போட மறந்திருப்பார்கள், அல்லது அது விரிசல் விட்டிருக்கும். புகைபோக்கிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே தகர மறைப்பு வேண்டும். பெட்ரோல் குழாய் இன்ஜினை ஒட்டி ஓடாமல் இருக்க வேண்டும். இயந்திரப் பம்ப்புக்கு முன்னாலுள்ள உறிஞ்சும் பகுதிதான் ஆவியடைப்புக்கு (குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி வரத்தை நிறுத்துவதற்கு) எளிதில் ஆளாவது. இதற்கெல்லாம் புதிய கார்புரேட்டர் தேவையில்லை. விரைவுச்சாலையிலேயே நின்றுவிட்டால் பதற வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள குறிக்கப்பட்ட நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும்.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா

கேஸ்கட், நீடில் வால்வு, ஜெட், டயாஃப்ரம் போனால் பழுதுபார்க்கும் கிட் போதும். தண்டுத் துளை தேய்ந்தால் கடைசல் பட்டறையில் புஷ் போட்டுப் புதுத் தண்டு பொருத்தலாம், எஸ்.யு.வுக்கு அது செய்யத்தக்க வேலை. உடல் விரிசல் விட்டாலோ, அடிப்பட்டை வளைந்து தட்டையான கண்ணாடிமேல் வைத்தால் இடைவெளி தெரிந்தாலோ, அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி உதிர்ந்தாலோ மாற்றுவதே மேல்.

எஸ்.யு. கார்புரேட்டர்களும் அவற்றின் பாகங்களும் இங்கிலாந்தில் பர்லன் நிறுவனத்தால் இன்றும் தயாராகின்றன. தருவிக்கும்போது விலையோடு அனுப்பும் செலவும் 9% பொருள் சேவை வரியும் சேரும் என்பதால் ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வரவழையுங்கள்: கார்புரேட்டர், இரண்டு ஜோடி கேஸ்கட், ஃபீனாலிக் கட்டை, ஒரு மீட்டர் 6 மி.மீ. பெட்ரோல் குழாய், கிளிப், ஃபில்டர். குழாயின் மீது எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய பெட்ரோலில் பழைய வகை ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடுகிறது.

வாங்கும் முன் பழைய கார்புரேட்டரின் கிண்ண மூடித் திருகின்கீழ் தொங்கும் அலுமினியச் சீட்டைத் தேடுங்கள். ஏ.யு.டி. என்று தொடங்கும் எண் இருந்தால் அதை வைத்தே சரியான வகையைச் சொல்லிவிடுவார்கள். எச்.எஸ்.4 என்று மட்டும் கேட்டு வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். கிண்ணம் இடப்பக்கமா வலப்பக்கமா, அதன் சாய்வு எத்தனை டிகிரி என்பது காருக்குக் கார் மாறும். சாய்வு தவறினால் கிண்ணம் கோணலாக நின்று பெட்ரோல் மட்டமே தப்பாகிவிடும், பிறகு எவ்வளவு டியூன் செய்தாலும் பலனில்லை. பிஸ்டனில் பொருத்தி ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் நீடிலிலும் (நீடில் வால்வு வேறு) எழுத்துக் குறி பொறித்திருக்கும். அது உங்கள் இன்ஜினுக்கு உரியதா என்று கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

இணையச் சந்தைகளில் பாதி விலைக்கு வரும் நகல்கள் பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும். தண்டு புதிதிலேயே ஆடுவதும், ஜெட் எண்ணுக்கும் துளைக்கும் சம்பந்தமில்லாததும் அவற்றில் சாதாரணம். நல்ல நிலையிலுள்ள பழைய அசலைப் புதுப்பிப்பது அதைவிட மேல்.

கழற்றுதல்

இன்ஜின் முழுக்க ஆறட்டும். முதல் ஸ்பேனர் திருப்பத்துக்கு முன் நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக ரிட்டர்ன் ஸ்பிரிங்குகள் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதை. பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி, பிறகு பெட்ரோல் குழாய், வேக்யூம் குழாய், பிரீதர் குழாய், திராட்டில் கேபிள், சோக் கேபிள், ஸ்பிரிங்குகள் என்ற வரிசையில் போங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றியதும் அதன் வாயை ஒரு போல்ட்டால் அடைத்துவிடுங்கள். தொட்டி மட்டம் உயர்வாக இருந்தால் தானாக வடிந்துகொண்டே இருக்கும்.

ஃபிளேஞ்ச் நட்டுகள் 5/16 அங்குல யு.என்.எஃப்.; அதற்கு அரை அங்குல ஸ்பேனர். 13 மி.மீ. ஸ்பேனரும் ஏறத்தாழ உட்காரும், அதனாலேயே பல மினிகளில் அந்த நட்டுகளின் முனை மழுங்கிக் கிடக்கிறது. பின்பக்க நட்டுக்கு வெட்டிக் குட்டையாக்கிய ஸ்பேனர் ஒன்று இருந்தால் அரைமணி நேரம் மிச்சம். கார்புரேட்டரை நிமிர்ந்த நிலையிலேயே எடுங்கள், கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கும். அடுத்த வேலை எதுவானாலும், மேனிஃபோல்ட் வாயைச் சுத்தத் துணியால் அடைத்த பிறகுதான். உள்ளே ஒரு வாஷர் விழுந்தால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் எடுங்கள். அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் நாளைய காற்றுக் கசிவு.

பொருத்தும் முன் மேசைமேல்

புதிதாக வந்ததை அப்படியே மாட்டிவிட வேண்டாம். டாஷ்பாட்டுக்கும் உடலுக்கும் குறுக்கே பென்சில் கோடு போட்டுவிட்டு டாஷ்பாட்டைத் தூக்குங்கள். பிஸ்டனும் டாஷ்பாட்டும் ஒன்றுக்கொன்று பொருத்தித் தயாரித்த ஜோடி. இரட்டைக் கார்புரேட்டர் காரில் இவற்றை ஒன்றோடொன்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள். நீடிலின் தோள் பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக இருக்க வேண்டும். மூடியபின், ஜெட்டை முழுக்க மேலே ஏற்றிப் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். மெல்லிய உலோக 'டக்' ஓசையோடு அடியில் உட்கார வேண்டும். ஜெட் கீழே இருக்கும்போது உட்கார்ந்து, மேலே இருக்கும்போது தொங்கினால் ஜெட் மையத்தில் இல்லை. அடியிலுள்ள ஜெட் தாங்கி நட்டைத் தளர்த்தி, நடுவில் நிறுத்தி இறுக்குங்கள். ஸ்பிரிங் வைத்த நீடில் உள்ள வகைகளில் இந்த மையப்படுத்தல் தேவையில்லை.

மிதவை மட்டத்துக்குக் கிண்ண மூடியைத் தலைகீழாகப் பிடியுங்கள். மிதவைக்கும் மூடிக்கும் நடுவே 1/8 அங்குலத் துளையிடும் பிட் ஒன்று லேசாக நுழைய வேண்டும். 1/8 முதல் 3/16 அங்குலம் வரை ஏற்கலாம். உலோகக் கையுள்ள மிதவை என்றால் கையை வளைத்துச் சரிசெய்யலாம். முழுப் பிளாஸ்டிக் வகையை வளைக்க முடியாது, நீடில் வால்வின் அடியில் வாஷர் சேர்த்தோ குறைத்தோ சமாளிக்க வேண்டும்.

கிண்ணத்தின் அடியிலிருந்து ஜெட்டுக்குப் போகும் மெல்லிய நைலான் குழாய் இந்த வகைகளின் பலவீனமான இடம். ரப்பர் வளையத்துக்கு அப்பால் குழாயின் முனை 5 மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் வளையம் பிடிக்காமல் நேராகச் சூடான மேனிஃபோல்டின் மேல் சொட்டும். எஸ்.யு. கார்கள் தீப்பிடிப்பதற்கு இது பழைய, நன்கறிந்த காரணம்.

இனி ஜெட் சரிசெய் நட்டை மேலே ஏற்றி, ஜெட்டின் வாய் தொண்டையின் அடியிலுள்ள பாலத்தோடு (மேடான தளத்தோடு) சமமாகும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது நட்டின் 12 முகம், கீழே இறக்குங்கள். இன்ஜின் கிளம்புவதற்கு இந்த நிலை போதும்.

பொருத்துதல்

கேஸ்கட், ஃபீனாலிக் கட்டை, கேஸ்கட், கேபிள் பிடிக்கும் தகடு, கேஸ்கட், கார்புரேட்டர் என்ற வரிசை மினியில். உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள், காருக்குக் கார் மாறும். நட்டுகளை மாறிமாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 15 பவுண்டு-அடி, சுமார் 20 நியூட்டன் மீட்டர் போதும். பலம் காட்டினால் ஃபிளேஞ்ச் வில்லாக வளைந்து, நடுவில் காற்று புகும். கசிவை நிறுத்தவென்று மேலும் இறுக்குவார்கள், மேலும் வளையும்.

சோக் கேபிளில் 1.5 மி.மீ. தளர்வு விடுங்கள். திராட்டில் கேபிளை மாட்டியபின் ஒருவரைக் காருக்குள் உட்காரவைத்து முழுக்க மிதிக்கச் சொல்லிப் பாருங்கள்: தட்டு முழுக்கத் திறக்கிறதா, விட்டதும் தானாக மூடுகிறதா. இது இரண்டும் சரியாக இல்லாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. பெட்ரோல் குழாயை மாட்டி, எர்த் கொடுத்து, இன்ஜின் ஓடுவதற்கு முன் பம்ப்பை மட்டும் இயக்கியோ ஸ்டார்ட்டரைச் சில நொடி சுற்றியோ கிண்ணத்தை நிரப்புங்கள். எல்லா இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யலாம்.

டியூனிங்

ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி நன்றாகச் சூடேற்றிய பிறகே இதைத் தொடங்குங்கள். ஐடிலை 800 சுற்று அளவில் நிறுத்துங்கள். உடலின் பக்கவாட்டிலுள்ள சிறு முள்ளால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, 1/32 அங்குலம், தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை செறிவு. நட்டை மேலே ஏற்றுங்கள். உடனே விழுந்து நிற்கப் பார்த்தால் மெலிவு, கீழே இறக்குங்கள். லேசாக ஏறி, பிறகு பழைய இடத்துக்கு வந்தால் சரி. ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 2,500 சுற்றில் அரை நிமிடம் ஓட்டி இன்ஜினைத் தெளியவிடுங்கள், இல்லையென்றால் தேங்கிய பெட்ரோல் கணக்கைக் குழப்பும்.

காதும் உதவும். புகைக்குழாயில் ஒழுங்கற்ற தடுமாற்றம் மெலிவைக் காட்டும். சீரான இடைவெளியில் வரும் தடுமாற்றத்தோடு கருமையும் தெரிந்தால் செறிவு. இரட்டைக் கார்புரேட்டர் என்றால் கலவைக்கு முன் காற்றைச் சமப்படுத்த வேண்டும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு தொண்டை வாயிலும் வைத்து, 'ஸ்ஸ்' ஓசை இரண்டிலும் ஒரே அளவாகும்வரை ஐடில் திருகுகளைத் திருப்புங்கள். பிறகுதான் இணைப்புத் தண்டை இறுக்குவது.

கையேடுகள் நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் ஓட்டி, இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக் நிறத்தைப் பார்க்கச் சொல்லும். 90 கிலோமீட்டர் வரம்புள்ள நம் விரைவுச்சாலையின் ஓரத்தில் அந்தச் சோதனைக்கு இடமில்லை. புகைபோக்கியில் ஆக்சிஜன் சென்சாருக்கான துளை வைத்துக்கொள்வதோ, பட்டறையின் புகை அளவி மூலம் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்ப்பதோ நடைமுறைக்கு ஏற்றது. வருடாந்தரச் சோதனைக்கு விகாம் போகும் நாளுக்கு முன்பே இதைச் செய்துகொண்டால் இன்னொரு முறை வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

வெபருக்கு மாற நினைப்போர்க்கு

பழைய கொரோலா, டட்சன் கார்களில் அசல் கார்புரேட்டர் கிடைக்காதபோது வெபர் 32/36 போடுவது பரவலான வழக்கம். 1.6 லிட்டருக்கு அது அருமையாகப் பொருந்தும். 1.2 லிட்டர் இன்ஜினுக்குச் சற்றுப் பெரிது. பெட்டியிலிருந்து வரும் ஜெட்டோடு ஓட்டினால் பெட்ரோல் குடிக்கும், ஜெட்டைச் சிறிதாக்க வேண்டும். அடாப்டர் தட்டை வாங்கும்போது இரண்டாம் தொண்டை முழுக்கத் திறக்கும்போது தட்டின் விளிம்பில் இடிக்கிறதா என்று கையால் திறந்து பாருங்கள்.

ஐடில் அமைப்பதற்கு வேகத் திருகு நெம்புகோலைத் தொட்ட இடத்திலிருந்து அரைச் சுற்று உள்ளே, கலவைத் திருகு லேசாக அடியில் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே என்று தொடங்குங்கள். இன்ஜின் சீராக ஓடுவதற்குக் கலவைத் திருகு இரண்டு சுற்றைத் தாண்டினால் ஐடில் ஜெட் சிறிது. அரைச் சுற்றுக்குள்ளேயே சீரானால் ஜெட் பெரிது. வேகத் திருகை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் உள்ளே தள்ள வேண்டிவந்தாலும் ஐடில் ஜெட் சிறியது என்றே கொள்ளலாம், காற்றுக் கசிவு இல்லையென்று உறுதியான பிறகு.

முதல் நூறு கிலோமீட்டரும் பிறகும்

கேஸ்கட் உட்கார்ந்துவிடும் என்பதால் நூறு கிலோமீட்டருக்குள் ஃபிளேஞ்ச் நட்டுகளை, இன்ஜின் ஆறிய நிலையில், ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். டாஷ்பாட் எண்ணெயை அப்போதே பார்த்துவிடலாம். ஃபில்டரின் கண்ணாடிக்குள் துருப்பொடி தெரிந்தால் தொட்டியைக் கவனிக்காமல் புதிய கார்புரேட்டரை நம்பி ஓட்ட வேண்டாம்.

ஜோகூர் பக்கம் போவதாக இருந்தால் தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி பழைய காருக்கும் உண்டு. எரிபொருள் முள் வேலை செய்யாத கார் உட்லண்ட்ஸில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தி வைப்பதானால், பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு இன்ஜின் தானாக அணையும்வரை ஓட்டுங்கள்; கிண்ணம் காலியானால் பிசின் கட்ட எதுவும் இருக்காது. மின்பம்ப் உள்ள காரில் பம்ப்பின் கம்பியைக் கழற்றினாலே போதும். தொட்டியை நிரம்ப வைத்திருங்கள். மாதம் ஒருமுறை சோக் குமிழையும் ஆக்சிலரேட்டரையும் இன்ஜின் ஓடாமலே நாலைந்து தடவை அசைத்துவிடுங்கள், கேபிளும் தண்டும் இறுகாது. நான்கு மாதத்தைத் தாண்டினால் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றிய பிறகே சாவியைத் திருப்புங்கள்.